புரிந்ததா என்று கேட்காதீர்கள்: பயிற்சியாளர்களுக்கு ஒரு கணக்கு டீச்சரின் மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களே, விளையாட்டுப் பயிற்சியாளர்களே,

பொதுத்தேர்வு நெருங்கினால் உங்கள் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் கணக்கு டீச்சர் கூட்டத்தில் ஒருத்திதான் இதை எழுதுகிறேன். "பீரியடையும் பிடுங்கிக்கொண்டு, எங்களுக்கே பாடம் எடுக்க வேறு வந்துவிட்டீர்களா?" என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஸ்டாஃப் ரூமில் உங்களை ஆசிரியராகவே மதிப்பதில்லை என்பது உங்கள் நெடுநாள் மனக்குறை. பிரேயரில் வரிசை நிறுத்த, ஆண்டுவிழாவில் கூட்டத்தை அடக்க, வெயிலில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓட பி.டி. சார் வேண்டும். பாடம் என்று வந்தால் மற்றவர்கள். இந்தக் குறையில் நான் முழுக்க உங்கள் பக்கம். 1920இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோதே, விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர் ஓர் ஆசிரியர் என்பதுதான் அடிப்படை. இன்றும் பி.பி.எட். படிப்பவர்கள் பாடக்குறிப்பு எழுதி, வெள்ளை உடுப்பில் நின்று, மேற்பார்வையாளர் முன்னால் பாடம் நடத்திக் காட்டித்தான் பட்டம் வாங்குகிறார்கள். கற்பிக்கும் வழிகளை முழுமை முறை, பகுதி முறை என்று பரீட்சைக்கு எழுதியதும் நினைவிருக்கும். வேலைக்கு வந்த பிறகு அந்தக் குறிப்பேடு எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

எந்த ஊர் மைதானத்திலும் மாலை நான்கரைக்கு நீங்கள் பார்க்கக்கூடிய காட்சியைச் சொல்கிறேன். வாலிபால் பயிற்சி. முப்பது பிள்ளைகள் ஒரே வரிசை. ஒரு பிள்ளை சர்வீஸ் போட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறது. ஒருவருக்குப் பத்து விநாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் கை மறுபடி பந்தைத் தொட ஐந்து நிமிடம் ஆகும். அரை மணி நேரத்தில் ஆறு சர்வீஸ். ஆறில் நான்கு வலையில் மோதுகின்றன. ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து "கவனம்! கவனம்!" என்று ஒரு குரல். பந்தைத் தூக்கிப்போட்டது தாழ்வா, அடித்தது தாமதமா, நின்ற இடம் தவறா, ஒன்றும் சொல்வதில்லை. கடைசியில் எல்லோரையும் அரைவட்டமாக உட்கார வைத்து நீண்ட விளக்கம். பிறகு, "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" விசில். வீடு.

வகுப்பறையில் நாங்கள் கைவிட வேண்டும் என்று பயிற்சிக்குப் பயிற்சி எங்களுக்குச் சொல்லப்படும் கேள்வி இந்தப் "புரிந்ததா"தான். புரியவில்லை என்று எழுந்து நின்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் துணிச்சல் வராது. அதைவிட மோசம், புரியாத பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேட்டில் விடையை எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் அரை நிமிடத்தில் வகுப்பின் நிலவரம் தெரிந்துவிடும்.

மைதானத்தில் இதற்கு சிலேட்டும் வேண்டாம். கபடிப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "எதிரணியில் ஐந்து பேர் நிற்கிறார்கள். நீ பாடிப் போகிறாய். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் புள்ளி உண்டா? எல்லோரும் கண்ணை மூடு. உண்டு என்றால் முஷ்டி, இல்லை என்றால் விரித்த கை." ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருந்தால்தான் போனஸ். விதி உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எத்தனை முஷ்டிகள் உயர்கின்றன என்று பாருங்கள். இரண்டு வருடமாக அணியில் ஆடும் பிள்ளையின் முஷ்டியும் அதில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மேட்ச்சில் அவன் வீணாகக் காலை நீட்டி மாட்டிக்கொள்வதற்குக் காரணம் அலட்சியம் என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள்.

சிறந்த பயிற்சியாளருக்கு நம் நாட்டில் 1985 முதல் துரோணாச்சாரியார் பெயரில் விருது தருகிறார்கள். மரத்திலிருந்த பறவையைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று ஒவ்வொரு சீடனிடமும் துரோணர் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அம்பு விடும் முன்னே, மாணவன் எதைப் பார்க்கிறான் என்று கேட்டாரே, அது அருமையான கேள்வி. இன்றைய கற்பித்தல் ஆய்வாளர் எவரும் கைதட்டுவார். ஆனால் மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது என்று சொன்னவர்களை அவர் என்ன செய்தார்? விலகி நில் என்றார். சரியாகச் சொன்ன ஒருவனை மட்டும் எய்யச் சொன்னார். இதற்குப் பெயர் தேர்வுக் குழு. மற்றவர்கள் பார்வையை எப்படிக் குவிப்பது என்று அன்றைக்கு அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகக் கதையில் இல்லை. ஏகலைவன் விஷயத்தை நான் எடுக்கவே இல்லை.

நம் பயிற்சி மரபில் இந்தக் குணம் ஆழமாக ஊறிவிட்டது. ஏற்கெனவே ஆடத் தெரிந்தவனைப் பொறுக்கி எடுப்பதைக் கற்பித்தல் என்று நினைத்துக்கொள்கிறோம். மாநில அளவில் பதக்கம் வாங்கிய பிள்ளையின் படம் பேனரில் ஏறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் விட்டுப்போன இருபத்தைந்து பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பயிற்சியை ஆசிரியத் தொழிலாகவே செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ஜான் வுடன். அடிப்படையில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர். லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராகி, பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர். அவருடைய கடைசிப் பருவமான 1974-75இல் ரோலண்ட் தார்ப், ரோனல்ட் கேலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சி அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதையும் செய்வதையும் ஒன்று விடாமல் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். எழுச்சியுரை நிறைய இருக்கும் என்று நினைப்போம். கிட்டத்தட்ட பாதி, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற வெறும் தகவல். பாராட்டு ஏழு சதவீதத்துக்கும் குறைவு, திட்டும் அப்படியே. ஒருவர் தவறு செய்தால் சரியான முறையைச் செய்து காட்டுவார், அவர் செய்த தவறைச் செய்து காட்டுவார், மறுபடி சரியானதைச் செய்து காட்டுவார். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மூன்று விநாடிக்குள். பேச்சு ஒரு வரி, உடனே ஆட்டம். அந்தச் சிக்கனம் சும்மா வரவில்லை. தினமும் காலையில் உதவியாளர்களோடு உட்கார்ந்து, மாலைப் பயிற்சியை நிமிடக் கணக்கில் அட்டையில் எழுதிக்கொண்டுதான் அரங்குக்கு வருவார்.

உங்கள் பயிற்சியில் ஒரு மாலை இப்படிக் குறித்தால் என்ன வரும்? யோசித்துப் பாருங்கள். "டேய்!" எந்தக் கட்டத்தில் வரும்?

சொல்லும் தகவலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கேப்ரியேல் வுல்ஃபும் அவரோடு பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வாலிபால் சர்வீஸைப் பற்றியதே. ஒரு பிரிவுக்கு, "அடிக்கும் முன் உடல் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்று" என்பதுபோல உடலைப் பற்றிய குறிப்புகள். இன்னொரு பிரிவுக்கு அதே விஷயம், "எடையை இலக்கை நோக்கி மாற்று" என்று. தோள், மேல்கை, முன்கை, கடைசியில் கை என்று வரிசைப்படி விளக்குவதற்குப் பதிலாக, சாட்டை வீசுவதுபோல அடி என்றார்கள். இலக்கைப் பற்றிக் கேட்ட பிரிவின் சர்வீஸ்தான் துல்லியமாக விழுந்தது. புதிதாகக் கற்பவர்களிடமும், ஓரளவு ஆடத் தெரிந்தவர்களிடமும் அப்படியே. "முழங்கையை மடக்காதே" என்று நாள் முழுதும் கத்துவதைவிட, எதிர்ப்பக்கத்துப் பின்கோட்டருகே ஒரு டயரைப் போட்டு "அதுக்குள்ள விழணும்" என்று சொல்வது பலன் தரும். டயர் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

இப்போது என் சொந்தப் பேட்டைக்கு வருகிறேன். கணக்குப் புத்தகத்தில் ஒரு பயிற்சி முழுக்க ஒரே வகைக் கணக்காக இருக்கும். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்க வேண்டும் என்றால் பத்துக் கணக்கும் அதே. நான்காவது கணக்கிலிருந்து பிள்ளைகள் மடமடவென்று போட்டுத் தள்ளுவார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். காலாண்டுத் தேர்வில் எல்லா வகையும் கலந்து வரும்போது அதே பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சூத்திரம் மறக்கவில்லை. எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை நாங்கள் அதற்குக் கொடுத்ததே இல்லை. பயிற்சியின் தலைப்பே அதைச் சொல்லிவிட்டது. வகைகளைக் கலந்து கொடுத்தால் வகுப்பில் திணறுவார்கள், தவறுகள் கூடும். ஆனால் பல நாள் கழித்து வைக்கும் தேர்வில் கலந்து படித்தவர்களே முந்துகிறார்கள் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதே கதை உங்கள் களத்தில் 1994இலேயே சோதிக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி பேஸ்பால் அணி. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், கூடுதலாக 45 பந்துகள் அடிக்கும் பயிற்சி. ஒரு பிரிவுக்கு வேகப்பந்து 15, அடுத்து வளைபந்து 15, பிறகு வேகம் குறைத்த பந்து 15. இன்னொரு பிரிவுக்கு அதே 45, ஆனால் எது எப்போது வரும் என்று தெரியாமல் கலந்து. பயிற்சியின்போது முதல் பிரிவுதான் பந்துகளைப் பளிச்சென்று அடித்தது. முடிவில், மேட்ச்போலக் கலந்து வீசிச் சோதித்தபோது, முதல் பிரிவு முன்பைவிடச் சுமார் 25 சதவீதம் தேறியிருந்தது. கலந்து ஆடிய பிரிவு சுமார் 57 சதவீதம். கூடுதல் பயிற்சி எதுவும் பெறாதவர்கள் 6 சதவீதம்.

இந்த மடலில் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பயிற்சி நேரத்தில் அழகாகத் தெரிவதும், பிள்ளைக்குள் போய்த் தங்குவதும் வேறு வேறு. ஐம்பது லிஃப்ட் வரிசையாக, பிறகு ஐம்பது ஸ்மாஷ் வரிசையாக என்று ஓடும் பயிற்சியைப் பார்த்துத் தலைமையாசிரியர் மகிழ்ந்து போவார். பெற்றோர் செல்போனில் படம் பிடிப்பார்கள். மேட்ச்சில் பந்து அப்படி வரிசையில் நின்று வருவதில்லை. பிள்ளை பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், அப்புறம்தான் அடிக்க வேண்டும். முதல் இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு மூன்றாவதை மட்டும் பழக்கினோம் என்றால், மேட்ச்சில் "மூளையைக் கழட்டி வெச்சிட்டு வந்தியா?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

உங்களில் மூத்தவர்கள் சொல்லக்கூடியது எனக்குக் கேட்கிறது. "எங்க காலத்துல இந்த ஆராய்ச்சி எல்லாம் யார் பண்ணா? தெருவுல ஆடி, கம்மாய்க் கரையில ஆடி, இந்தியாவுக்கே ஆடலையா?" ஆடினார்கள், உண்மை. ஆனால் தெரு என்ன செய்தது என்று கொஞ்சம் பாருங்கள். டென்னிஸ் பந்து ஒருநாள், கார்க் பந்து ஒருநாள். நேராக அடித்தால் ஜன்னல், அதனால் ஸ்கொயர் பக்கம் மட்டும்தான் ரன். பந்து வீசுவது இன்று பக்கத்து வீட்டு அண்ணன், நாளை எட்டு வயதுத் தம்பி. ஒவ்வொரு பந்தும் வேறு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு முடிவு. கலந்து ஆடும் பயிற்சியைத் தெரு தானாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. தெருவில் கார்கள் நிறைந்த பிறகு பிள்ளைகள் அகாடமி வலைக்குள் வந்தார்கள். அங்கே ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் விழும் பந்தை ஒரு மணி நேரம் தடுத்து ஆடுகிறார்கள். தெரு கொடுத்ததை இனி நீங்கள் திட்டமிட்டுத்தான் கொடுக்க முடியும்.

கோடை முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று பிழிந்துவிட்டு, சான்றிதழோடு அனுப்பிவிடுகிறோம். ஜூன், ஜூலையில் தொடர்ச்சி இல்லை. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்து ஆலன் பேட்லியும் லாங்மேனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள், தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்திலேயே விசைப்பலகையைக் கற்றார்கள். அதிருப்தி அதிகம் இருந்ததும் அந்த ஒரு மணிக்காரர்களுக்குத்தான் என்பது வேடிக்கை. நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறதே என்ற எண்ணம். பிள்ளைகளின் திருப்தியையும் பெற்றோரின் திருப்தியையும் வைத்துப் பயிற்சியை எடைபோட்டால் ஏமாந்துபோவோம்.

அடுத்தது தண்டனை. பந்தைத் தவறவிட்டால் பத்து ரவுண்டு, சர்வீஸ் வலையில் பட்டால் இருபது புஷ்-அப். வகுப்பறையில் பிரம்பைச் சட்டம் தடுத்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையைக் கூடாது என்கிறது. மைதானத்தில் அது "ஃபிட்னெஸ்" என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. இது மனிதநேயப் பிரச்சினை என்பது ஒருபுறம் இருக்கட்டும், தொழில்ரீதியாகவே நஷ்டம். தவறுக்கு ரவுண்டு என்று தெரிந்த பிள்ளை தவறு நடக்கக்கூடிய எதையும் முயலாது. கடினமான பாஸைக் கொடுக்காது, பந்து தன் பக்கம் வரும்போது அரை அடி ஒதுங்கி நிற்கும். நீங்கள் பார்த்துத் திருத்த வேண்டிய தவறை உங்கள் கண்ணிலிருந்து ஒளித்துவிடும். எங்களுக்கு ஒரு பிள்ளையின் தவறைப் பார்க்க விடைத்தாள் திருத்தும் நாள் வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்கோ அந்தக் கணமே கண்முன் நடக்கிறது. அந்த வசதியை ரவுண்டு போட்டுக் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

எங்களிடமிருந்து எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. வகுப்பறையிலும் குப்பை உண்டு. இந்தப் பிள்ளை பார்த்துக் கற்பவன், அந்தப் பிள்ளை கேட்டுக் கற்பவன், இன்னொருத்தி செய்து கற்பவள் என்று வகை பிரித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுக்கும் கோட்பாடு பல பயிற்சி வகுப்புகளில் எங்கள் தலையில் கட்டப்பட்டது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2008லேயே ஆய்வாளர்கள் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளர் வகுப்புகளில் யாராவது அதைப் பவர்பாயிண்ட்டில் கொண்டு வந்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுங்கள். களைப்பு, பயம், எதிரே நிற்கும் ஆள், காயம் பட்ட முட்டி, இவை எதுவும் என் கரும்பலகையில் இல்லை. அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வகுப்பறை நுட்பங்களைத் தொகுத்து எழுதிப் பெயர் வாங்கிய அமெரிக்கரான டக் லெமோவ், 2020இல் பயிற்சியாளர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். கால்பந்துப் பயிற்சியாளர்களோடு வருடக்கணக்கில் மைதானத்தில் நின்று, பேசி, பார்த்த பிறகுதான் அதை எழுதினார். அந்த வரிசைதான் சரி. எங்கள் ஆய்வும் உங்கள் களமும் ஒரே மைதானத்தில் சந்திக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள். பயிற்சி முழுவதையும் தலைகீழாக மாற்றச் சொல்லவில்லை. அடுத்த குறுவட்டப் போட்டி வரை, வாரத்தில் ஒரு மாலையை மட்டும் எனக்குக் கொடுங்கள். அன்றைக்குப் பிள்ளைகள் உடலைச் சூடாக்கியதும், எதையும் விளக்காமல், போன வாரம் சொல்லிக்கொடுத்ததைச் செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிடம். எத்தனை பேருக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். முப்பது பேர் வரிசையை ஆறு ஆறாக உடையுங்கள். பந்து போதாவிட்டால் ஒரு குழு ஆட, அடுத்த குழு அவர்களை எண்ணட்டும். அன்றைக்குத் திருத்தப்போவது ஒரே விஷயம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, மற்றத் தவறுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். சர்வீஸ், ரிசீவ், லிஃப்ட் மூன்றையும் கலந்து ஓட விடுங்கள். விசில் அடித்து நிறுத்தினால் கேள்வி கேட்பதற்காக நிறுத்துங்கள்: "இப்ப அந்தப் பந்தை எங்க கொடுத்திருக்கலாம்?" ஒருவனைக் கேட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்; எல்லோரும் கையால் திசையைக் காட்டட்டும்.

உங்கள் பள்ளியில் உள்ள ஏதாவதொரு பாட ஆசிரியரை அன்று மைதானத்துக்கு அழையுங்கள். நோட்டும் பேனாவும் கொடுத்து உங்கள் பேச்சைக் குறிக்கச் சொல்லுங்கள்: தகவல் எத்தனை, திட்டு எத்தனை, வெறும் சத்தம் எத்தனை. மறுநாள் நீங்கள் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதே கணக்கை எடுங்கள். எங்கள் நிலவரமும் ஒன்றும் உசத்தியாக இருக்காது.

முதல் இரண்டு வாரம் பயிற்சி அலங்கோலமாகத் தெரியும். பந்து எங்கெங்கோ பறக்கும், பிள்ளைகள் "பழையபடியே ஆடலாம் சார்" என்பார்கள், பக்கத்துப் பள்ளிப் பயிற்சியாளர் பார்த்துச் சிரிப்பார். அதற்காகப் பழைய ஒற்றை வரிசைக்குத் திரும்பிவிடாதீர்கள். ஆறு வாரம் பொறுத்திருந்து, அந்த நோட்டில் முதல் வாரத்து எண்ணையும் ஆறாவது வாரத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஏறவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். எங்கே பிசகியது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஏறியிருந்தால் உங்கள் மாவட்டத்தில் இன்னொரு பயிற்சியாளரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை